பேர் வைக்காத குட்டிகள்

நிரோஷினி அந்த இரண்டு பன்றிக்குட்டிகளையும் வாங்கியது ஆசைக்காக மட்டும் அல்ல. கட்டாரில் இருக்கும் புருஷனை இழுத்து வரவும்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லயத்தில் பன்றிக்குட்டிகளோடு புரண்டு வளர்ந்தவன் சுதேஷ். "கெலிஓயாவுல கொஞ்சம் எடத்தோட வீடு கெடைச்சா ரெண்டு குட்டி வளப்போம். கறிக்கில்ல, சும்மா செல்லத்துக்கு" என்று கல்யாணமான புதிதில் சொல்லிக்கொண்டே இருந்தான். வீடு கிடைத்தது, அவன்தான் இல்லை. போய் இரண்டு வருஷம். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி கம்பெனியில் தாள் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை குட்டிகள் வந்ததுமே ஆசையாக ஒன்றைத் தூக்கினாள். அது போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு சர்மிளா அக்கா, "கொலை நடக்குதுன்னுல்ல பயந்துட்டேன் புள்ள" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். குட்டிகளைக் கொடுத்த கலகெதரக்காரரை போனில் பிடித்தால் அவர் சிரிக்கிறார்.

"தூக்காதீங்கம்மா. திங்கத்தான் புடிக்கிறாங்கன்னு பயந்துக்கும். தரையில ஒக்காந்து காத்திருங்க. அதுகளா வரும்."

காத்திருக்க இவளுக்கா சொல்லித்தர வேண்டும்?

சாயங்காலம் சுதேஷ் வீடியோவில் வந்தான். குட்டிகளைப் பார்த்து வாயைப் பிளந்தான். "நீயே நல்ல பேரா வச்சிரு" என்றான். நீங்க வந்து வைங்க என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். பிறகு அவன் லயத்தில் தீனிக்குக் கூப்பிடும் சத்தத்தைக் கொடுத்தான் பாருங்கள், மூலையில் ஒட்டிக்கிடந்த இரண்டும் ஒரே ஓட்டமாக ஓடிவந்தன. போனை மோந்தன, நக்கின, பின்பக்கம் போய் ஆளைத் தேடின. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நிரோஷினிக்கு எரிச்சலாக வந்தது. பப்பாளிப்பழமும் கையுமாகக் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவள் இவள், ஓடுவது அவனிடமா? அந்தச் சத்தத்துக்கு அவளும்தான் ஓடுவாள். ஓடி எங்கே போய் நிற்பது?

திங்கட்கிழமையும் குட்டிகள் ஓடிவந்தன. செவ்வாய்க்கிழமை பாதித் தூரம் வந்து திரும்பிவிட்டன. புதன்கிழமை அவன் தொண்டை வற்றக் கூப்பிட்டும் ஒன்றும் அசையவில்லை. இரண்டும் அவள் மடியில் தலைவைத்துக் கிடந்தன.

"என்ன நிரோ, அதுகளுக்குக் காது கேக்கலையா?"

"நல்லா கேக்குது. போனுக்குள்ள ஆள் இல்லன்னு தெரிஞ்சிக்கிச்சுங்க." நிறுத்தத்தான் நினைத்தாள், முடியவில்லை. "அதுகளுக்கு மூணு நாள்ல தெரிஞ்சிருச்சு. நான்தான் ரெண்டு வருஷமா இந்தப் போனையே மோந்துகிட்டு கெடக்குறேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பேரு வச்சிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"வைக்காத. தாள் இன்னும் என் கையிலதான் இருக்கு. நான் வந்து வைக்கிறேன்."

நிரோஷினி போனை மடியருகே, குட்டிகளின் காதோரம் கொண்டுபோனாள்.

"இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க" என்றாள். "அதுகளும் கேக்கட்டும்."