தூண் வரை நாற்பது மீட்டர்

மார்ச் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு, இரத்த வங்கியின் பின்முற்றத்தில் ஒரு வெள்ளை ஆட்டோமேட்டிக் கார் வந்து இறங்கியது. மீட்டரில் எட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

இறக்கும்போது ஐந்து பேர் நின்றிருந்தார்கள். நிர்வாகி அம்மா, வாட்ச்மேன், மெக்கானிக், இரண்டு டிரைவர்கள். டிரைவர்களில் மூத்தவரை எல்லோரும் கிளட்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் கியர் வண்டி ஓட்டி, ஒரே ஒரு தடவைதான் கிளட்ச் தட்டு மாற்ற வைத்தவர் என்பதால் வந்த பெயர். இளையவன் பஞ்சு. இரத்தப் பெட்டியோடு போகும் நர்ஸ் தூங்கிவிழும் அளவுக்கு மெத்தென்று ஓட்டுவான். கிளட்ச்சின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவன், முறைக்குச் சகலை. நாலு வருடத்துக்கு முன்னால் வேலையில்லாமல் நின்றவனைக் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்தது கிளட்ச்தான். அதை அவர் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை.

இரத்த வங்கியின் வாசல் நேராகப் பெரிய சாலையில் போய் முட்டுகிறது. இடப்பக்கம் சிக்னல். அது ஒரு கூட்டத்தை அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை அனுப்புவதற்குள் ஆறு ஏழு நொடி சாலை காலியாக இருக்கும். நின்ற வண்டி அதற்குள் பாய்ந்து வெளியேறிவிட வேண்டும். விட்டால் இரண்டு நிமிடம் காத்துக் கிடக்க வேண்டும். ஆபரேஷன் மேசையில் ஆள் படுத்திருக்கும்போது இரண்டு நிமிடம் பெரிது. பழைய வண்டியில் அந்த இடைவெளியைப் பிடிப்பதில் கிளட்ச்சை மிஞ்ச ஆள் கிடையாது.

"வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் எடுத்துக் காட்டுங்க" என்றார் நிர்வாகி அம்மா. "இந்த வெள்ளைக்கோட்டுல நிக்கிற வண்டி அந்தத் தூண் வரைக்கும் எத்தனை நொடியில போகுதுன்னு பார்ப்போம். ஆளுக்கு மூணு தடவை. நல்லா எடுக்குறவங்களுக்கு இந்தச் சாவி, பகல் ஷிஃப்ட். இன்னொருத்தருக்குப் பழைய வண்டி, மாலை ஷிஃப்ட். ஆனா ஒண்ணு, வண்டிக்கு ஒரு கீறல் சேதம்கூட ஆகக்கூடாது. மாத்து வண்டி கிடையாது."

கோட்டிலிருந்து தூண் நாற்பது மீட்டர். அதற்கப்புறம் பிரேக் பிடிக்க முப்பது.

"அண்ணனுக்கு எதுக்கும்மா போட்டி? அவரே எடுத்துக்கட்டும்" என்றான் பஞ்சு.

விட்டுக்கொடுக்கிறான் என்று மற்றவர்களுக்குத் தோன்றியது. எனக்குப் பிச்சை போடுகிறானா என்று கிளட்ச்சுக்குத் தோன்றியது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாயங்காலம் மனைவி துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"தங்கச்சி போன் பண்ணா. புது வண்டியாமே. அவ புருஷனுக்குக் கிடைச்சா நல்லாருக்கும்ன்னா. பகல் வேலைன்னா புள்ளையோட இருக்கலாமில்ல."

"எனக்குக் கிடைச்சா நல்லாயிருக்காதா?"

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

"சொல்லவேற வேணுமா? ஏணியா நின்னவன் நான். ஏறினவன் அவன். மேல இருக்குறவனுக்குத்தான் எல்லாரும் கைதட்டுவாங்க."

"அவரு உங்களை அண்ணே அண்ணேன்னு உருகுறாரு. உங்களுக்குத்தான் பொறுக்கலை."

உண்மையைச் சொன்னால் உடம்பெரியும் என்பார்கள். அன்றைக்கு அவருக்கு வயிறும் சேர்ந்து எரிந்தது.

புதன்கிழமை அவருக்கு அரை மணி நேரப் பயிற்சி. கோட்டில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தார். வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது. கியர் மாற்றும் இடம் வந்ததும் இடது கால் தானாகக் கிளட்ச்சைத் தேடிப்போய்ப் பிரேக்கில் இறங்கியது. நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டு மீண்டது.

"இடது காலைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டுப் போங்கண்ணே, பத்திரமா வச்சிருக்கேன்" என்று கத்தினான் வாட்ச்மேன்.

மெக்கானிக் ஜன்னலருகே குனிந்தார். "ஒரு முறை இருக்கு. சொல்லட்டா?"

"எனக்கு வண்டி எடுக்கச் சொல்லித் தரப்போறியா நீ?"

மெக்கானிக் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை பஞ்சுவின் முறை. கிளட்ச் குளிர்பதன அறைக்குள் போய், பெட்டிகளை அடுக்குவதுபோல் ஜன்னலோரம் நின்றார். அங்கிருந்து பார்த்தால் பஞ்சுவின் தோளும் தலையும் தெரிந்தன. ஒரு கை தெரிந்தது. கால் தெரியவில்லை. வண்டி அசையாமல் நின்றது. எஞ்சின் சத்தம் மெல்ல ஏறியது. பஞ்சுவின் கை கியர் குச்சிக்குப் போய்த் திரும்பியது. மறுகணம் வண்டி கோட்டை விட்டுப் பறந்தது. யோசிக்கவே இல்லை.

ஐந்து தடவை எடுத்தான். ஐந்தும் அப்படியே. சத்தம், கை, பாய்ச்சல்.

கிளட்ச்சுக்கு விளங்கிவிட்டது. அல்லது விளங்கியதாகத் தோன்றியது. பையன் குச்சியை நியூட்ரலில் வைத்து எஞ்சினை உறும விடுகிறான். பிறகு டிரைவில் தட்டுகிறான். கிளட்ச்சை மிதித்து ரேஸ் கொடுத்துப் படக்கென்று விடுகிற அதே வித்தைதான். காலுக்குப் பதில் கை. இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமா? தன் வித்தையைத் தன்னிடமே திருடி, தனக்கு எதிராகவே காட்டுகிறான் என்ற எண்ணம் வந்ததும், அந்தக் குளிரிலும் காது மடல் சுட்டது.

பஞ்சு வண்டியை நிறுத்திவிட்டு நேராக அவரிடம்தான் வந்தான்.

"அண்ணே, உங்களுக்கும் சொல்லிடுறேன். முதல்ல அஞ்சு நிமிஷம் ஓட்டி சூடு பண்ணிக்குங்க. அப்புறம் குச்சி டிரைவ்லயே இருக்கட்டும். இடது காலால பிரேக்கை நல்லா அமுக்கிக்கிட்டு, வலது காலால லேசாக் குடுங்க, ஆர்.பி.எம். முள்ளு ஒண்ணரையைத் தாண்ட வேணாம். ஒரு நொடி. பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிங்க. ரெண்டு நொடிக்கு மேல பிடிச்சு வைக்காதீங்க, உள்ள ஆயில் வெந்துடும்."

"நியூட்ரல்ல வச்சு எடுத்தா?"

"ஐயையோ, அது மட்டும் வேணாம். கியர்பாக்ஸ் போயிடும்."

கிளட்ச் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்ணால் கண்டதை இல்லை என்கிறான். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாய் மிதிக்கச் சொல்கிறான். எந்த ஊர் டிரைவர் அப்படி மிதிப்பான்?

"அப்ப குச்சியை எதுக்குத் தொட்டே?"

பஞ்சு வெட்கப்பட்டுச் சிரித்தான். "டிரைவ்லதான் இருக்கான்னு ஒரு பயம்ண்ணே. ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பாத்துக்குவேன்."

நல்ல கதை என்று நினைத்துக்கொண்டார் கிளட்ச். "சரிப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். பின்சீட்டில் தண்ணீர்ப் பைகள் நிரப்பிய இரத்தப் பெட்டியைக் கட்டியிருந்தார்கள். வாட்ச்மேனிடம் ஸ்டாப்வாட்ச். பஞ்சு முதலில் எடுத்தான். ஐந்து புள்ளி இரண்டு. ஒரு சுற்று மெல்ல ஓட்டி ஆறவிட்டுத் திரும்பி வந்தான். ஐந்து புள்ளி ஒன்று. மறுபடி ஐந்து புள்ளி இரண்டு. நிர்வாகி அம்மா தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை கிளட்ச் பத்தொன்பது வருடத்தில் இரண்டு தடவைதான் வாங்கியிருக்கிறார்.

அவர் ஏறி உட்கார்ந்தார். குச்சியை நியூட்ரலுக்குத் தள்ளினார். பிரேக்கில் ஒரு கால், ஆக்சிலரேட்டரில் ஒரு கால். முள் மூன்றரையைத் தாண்டியது. குச்சியை டிரைவில் தட்டிப் பிரேக்கை விட்டார். அடியில் எங்கோ 'டொம்' என்று கேட்டது. வண்டி எகிறியது.

"நாலு புள்ளி ஒம்போது!" வாட்ச்மேன் குதித்தான்.

தூணருகே நின்ற மெக்கானிக் கையைத் தூக்கினார். "என்ன சத்தம் அது? நிறுத்துங்க!"

கிளட்ச்சுக்குக் கேட்டது. ஆனால் கண்ணாடியில் பஞ்சுவின் முகம் தெரிந்தது. சிரிப்பில்லாத அந்த முகத்தைப் பார்க்க அவர் நாலு வருடம் காத்திருந்தார். வண்டியைத் திருப்பி நேராகக் கோட்டுக்கு வந்தார். ஆறவிடவில்லை. மறுபடி உறுமல், மறுபடி 'டொம்', இந்தத் தடவை இன்னும் கனமாக. நாலு புள்ளி எட்டு.

"அண்ணே, போதும்! அண்ணே!" பஞ்சு ஓடிவந்தான்.

பொறுக்கவில்லை பயலுக்கு என்று நினைத்தார் கிளட்ச். மூன்றாவது தடவை முள்ளை நாலுக்கு ஏற்றினார். தட்டினார். எஞ்சின் கத்தியது. வண்டி பாயவில்லை, நடுங்கியது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவரைப்போல் மெல்ல நகர்ந்தது. தூணைக் கடக்கப் பதின்மூன்று நொடி. வாட்ச்மேன் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸின் ஆயில் குச்சியை உருவினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. கருகிய வாடை நிர்வாகி அம்மா நின்ற இடம் வரை போனது.

"இதுக்குள்ளயும் கிளட்ச் தட்டு இருக்கு" என்றார் மெக்கானிக், கிளட்ச்சைப் பார்க்காமல். "வேகமாச் சுத்திக்கிட்டிருக்குறப்ப ஒண்ணு மேல ஒண்ணைக் கொண்டுபோய் மோதினா கருகத்தான் செய்யும்."

"இப்படி எடுக்கக்கூடாதுன்னு இவருக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார் நிர்வாகி அம்மா.

கிளட்ச் காத்திருந்தார். சொன்னேன், கேட்கவில்லை என்று பஞ்சு சொல்வான். சொல்லட்டும். சொன்னால், அவன் அப்படிப்பட்டவன்தான் என்று வாழ்நாள் முழுக்க வெறுக்க ஒரு காரணமாவது மிஞ்சும்.

"நான்தாம்மா அண்ணனுக்குச் சரியாச் சொல்லித் தரலை" என்றான் பஞ்சு. "அவசரத்துல அரைகுறையாச் சொல்லிட்டேன்."

கிளட்ச் அவனைப் பார்த்தார். வண்டியைவிட, சாவியைவிட, அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் அவருக்கு இப்போது பொறாமை வந்தது. இதுவும் அவனுக்கே போயிற்று. அதைச் சொல்லும் இடத்தில் தான் நின்றிருந்தால் தன் வாயில் அது வந்திருக்காது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"இல்லம்மா" என்றார். "ஒழுங்காத்தான் சொன்னான். நான்தான் நம்பலை."

அன்று மாலை இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

கியர்பாக்ஸ் மாற்றப்பட்டு, ஏப்ரல் எட்டாம் தேதி கார் திரும்பி வந்தது. சாவி பஞ்சுவிடம் கொடுக்கப்பட்டது. மாலை ஷிஃப்டில் பழைய வண்டியை கிளட்ச் ஓட்டுகிறார்.