கொண்டைக்கோழியும் கரடிச் சித்தப்பாவும்

பகலெல்லாம் போன் பேசுவதுதான் வெண்ணிலாவுக்கு வேலை. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பிப் போய், சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும் ரிக் வண்டிகளைக் கூப்பிட்டு, டீசல் வந்ததா, குழாய் சிக்கிக்கொண்டதா, ஆட்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். கத்திக் கத்தி அவள் தொண்டை நன்றாகத் தேறிவிட்டது.

அந்தத் தொண்டையைச் சாயங்காலத்தில் ஒரு கோழிக்குக் கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேமராவைப் போட்டால், திரையில் ஒரு கோழி வந்து நிற்கும். தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டைப் பிய்த்துக்கொண்டு சிவப்புக் கொண்டை. வெண்ணிலா கண் சிமிட்டினால் கோழியும் சிமிட்டும். வாயைத் திறந்தால் அலகு திறக்கும். குரலைக்கூட ஒரு மென்பொருள் கீச்சென்று மாற்றிவிடும். போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடிக்கொண்டே கோழியாக அவள் பேசுவதை நேரலையில் பார்க்க ஒரு பெருங்கூட்டமே இருந்தது. எதிரி பள்ளத்தில் ஒளிந்தால், "இன்னொரு நூறடி எறக்குங்க, ஆளு கெடைப்பான்" என்பாள். பாறை மாதிரி நிற்கிறவனைச் சுட்டுச் சாய்த்தால், "தண்ணி வந்துருச்சுங்க" என்பாள். அவளோடு ஒரே டீமில் ஆடியது சத்தீஸ்கரில் ரிக் ஓட்டும் சின்னுசாமியும் அவன் கூட்டாளி ஒருவனும். அலுவலகத்திலிருந்து தினமும் போனில் தன்னைத் திட்டும் மேடம்தான் கோழி என்று சின்னுசாமிக்குத் தெரியாது. வெண்ணிலாவும் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் அம்மா உண்ணாமலை. "கோழியோ கொக்கோ, சோத்து நேரத்துக்கு மனுசியா வந்துரு சாமி" என்பதோடு அவர் விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டுக்குத் தை மாதத்தில் ஒரு தம்பதி குடிவந்திருந்தது. மஞ்சுளா பொறியியல் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர். கணவர் குருமூர்த்தி ஜவ்வரிசி வியாபாரத்தில் தரகர். இரண்டு பேருக்கும் ஆத்தூர்ப் பக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குச் சந்து. வெண்ணிலா கோழி வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்தில், அந்தப் பக்கத்து மூடிய சன்னலுக்குள்ளிருந்து மஞ்சுளாவின் குரல் மங்கலாக வரும்.

"கண்ணு தெரியலையா உனக்கு? பின்னாடி பாருன்னு எத்தன தடவ சொல்றது?"

பதிலுக்கு குருமூர்த்தியின் குரல் ஒருநாளும் வந்ததில்லை.

"எப்படித்தான் அந்த மனுசன் பொறுத்துக்கறாரோ" என்பாள் வெண்ணிலா. உண்ணாமலைக்கு மனசு கேட்காமல், வெல்லமும் அரிசியும் ஆட்டிக் கச்சாயம் சுடும் நாளெல்லாம் நாலைந்தை வாழை இலையில் சுருட்டிக் காம்பவுண்டுச் சுவர் மேலாக குருமூர்த்தியிடம் கொடுப்பார். அவரும் பணிவாக வாங்கிக்கொண்டு போவார்.

கோடை விடுமுறையில் சேலத்து இளைஞர்கள் சிலர் ஒரு போட்டி வைத்தார்கள். சொந்த முகத்தோடு யாரும் வரக்கூடாது. திரை உருவங்கள் மட்டும்தான் ஆடலாம். டீமுக்கு மூன்று பேர். மூன்று ரவுண்டில் இரண்டை ஜெயித்தவர்களுக்கு வெற்றி. கொண்டைக்கோழி ஒவ்வொரு டீமாகக் கொத்தித் தள்ளி இறுதிக்கு வந்தது. அந்தப் பக்கம் வந்து நின்றது கரடிச் சித்தப்பா.

கரடிச் சித்தப்பாவுக்கு வேட்டி, மீசை, இடுப்பில் ஒரு தோட்டாப் பை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கனத்த குரல். இரவு நேரலைக்காரர் என்பதால் வெண்ணிலா அவரை அதிகம் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் என்று சிலரும், லாரி அதிபர் என்று சிலரும் சாட்டில் எழுதுவார்கள்.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதல் ரவுண்டில் கோழி டீமைக் கரடி டீம் சுருட்டி வாரிவிட்டது. அது முடிந்த கையோடு கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பேட்டரி பழசு. மின்விசிறியும் ஓடினால் படுத்துவிடும் என்று வெண்ணிலா அதை நிறுத்திவிட்டு, சன்னலை அகலத் திறந்து வைத்தாள். அனல்தான் வந்தது, ஆனாலும் மூச்சு விட முடிந்தது.

இரண்டாம் ரவுண்டுக்கு முன்னால் போட்டியை நடத்துகிற பயாஸ் இரண்டு தலைவர்களையும் நேரலைக்குக் கூப்பிட்டான். "கரடிச் சித்தப்பா, கோழிக்கு என்ன சொல்றீங்க?"

எதிரே திறந்து கிடந்த பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாக ஒரு பெண் குரல் தெளிவாக வந்தது. "என்ன சொல்றது, மசாலா அரைச்சு வெச்சாச்சு."

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, ஹெட்போனில் கரடி உறுமியது. "என்ன சொல்றது, மசாலா அரைச்சு வெச்சாச்சு."

வெண்ணிலா வாயைப் பிளந்தாள். திரையில் கோழியும் அலகைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றது.

"கோழி பயந்துருச்சு போல" என்றான் பயாஸ்.

பயமில்லை. இத்தனை நாள் தட்டு முன்னால் உட்கார்ந்து அவள் பரிதாபப்பட்டதெல்லாம் கண்முன்னால் ஓடியது. பின்னாடி பார்க்காதவன் குருமூர்த்தி இல்லை. கரடி டீமில் ஆடும் எவனோ ஒருவன்.

யோசிப்பதற்குள் ரவுண்டு தொடங்கிவிட்டது. வெண்ணிலா ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்திவிட்டாள். ஏன் நகர்த்தினாய் என்று கேட்டால் புழுக்கம் என்று சொல்லியிருப்பாள். பக்கத்து வீட்டு மஞ்சுளா தன் ஆட்களுக்குச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. "நீங்க ரெண்டு பேரும் கிடங்குக்குப் பின்னால போங்க. நான் மாடியில இருக்கேன்."

"சின்னுசாமி, கெடங்குக்குப் பின்னாடி குண்டு போடுங்க" என்றாள் வெண்ணிலா. குண்டு விழுந்தது, இரண்டு பேரும் காலி. மாடிப்படி வாசலில் அவளே காத்திருந்து கரடியைச் சாய்த்தாள். ரவுண்டு கோழிக்கு.

"எப்படீங்க மேடம் தெரிஞ்சுது?" என்றான் சின்னுசாமி. கோழியையும் அவன் மேடம் என்றுதான் கூப்பிடுவான்.

"ஒரு இதுதானுங்க" என்றாள். தண்ணி வந்துருச்சு என்று சொல்லச் சொல்லி சாட்டில் ஆட்கள் கெஞ்சினார்கள். அவளுக்கு வாயில் வரவில்லை. கடைசி ரவுண்டிலும் இப்படியே ஜெயித்துவிட்டால், நாளைக்குக் காலையில் வாசலில் அந்த அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது? சன்னலைச் சாத்தினாலும் இந்த அமைதியில் அந்தக் குரல் உள்ளே வரும் என்று தோன்றியது. சாத்தவேண்டியது அந்த வீட்டுச் சன்னல்.

மைக்கை அணைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, ஓடிப்போயி மஞ்சுளாக்காவ அவங்க ஊட்டுச் சன்னலைச் சாத்தச் சொல்லு. அவங்க பேசறதெல்லாம் எனக்குக் கேக்குதுன்னு சொல்லு. மெதுவாச் சொல்லோணும்."

உண்ணாமலை போனார். மெதுவாகப் பேசுவது அவருக்கு வராது என்பதை வெண்ணிலா அவசரத்தில் மறந்துவிட்டாள்.

பயாஸ் மூன்றாம் ரவுண்டுக்கு இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டபோது, கரடி குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது. திடீரென்று, வாயே அசையாமல், அதே கனத்த உறுமலில் பேசியது.

"சாமி, நீ பேசறதெல்லாம் எங்கூட்டுப் புள்ளைக்குக் கேக்குதாமா. சன்னலைச் சாத்திக்குவியாம் கண்ணு."

மஞ்சுளாவின் மைக் எந்தக் குரலையும் கரடிக் குரலாக்கிவிடும்; சன்னலருகே நின்று கத்திய உண்ணாமலையின் குரலுக்கு மட்டும் விலக்கா கொடுக்கும்? சாட் பொரியாகப் பொரிந்தது. கரடிக்குள்ளே இன்னொரு கரடியா என்று கேட்டார்கள். கரடி நிமிர்ந்தது. கண்கள் இரண்டும் முட்டைபோல விரிந்தன.

"இது என்னங்க சித்தப்பா?" என்றான் பயாஸ்.

வெண்ணிலா மைக்கைப் போட்டாள்.

"நாஞ் சொல்றனுங்க. சித்தப்பா ஊடும் எங்கூடும் பக்கத்துப் பக்கத்துல. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். கரண்ட் போயி சன்னலைத் தெறந்தனா, அவங்க பேசறது எல்லாம் கேட்டுது. போன ரவுண்டு அப்படிக் கேட்டுத்தானுங்க ஜெயிச்சேன். அந்த ரவுண்டு எனக்கு வேண்டாம்."

கோழி தலையைக் கவிழ்த்துக்கொண்டது. பயாசுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விதியில் சன்னலைப் பற்றி ஒன்றுமில்லை. கடைசியில் கரடியையே கேட்டான்.

"கேட்டது தப்புன்னா கத்துனதும் தப்புதான். அந்த ரவுண்ட திரும்ப ஆடலாம். நான் சன்னல சாத்திட்டு வரேன். கோழியும் சாத்திக்கிட்டும்."

இரண்டு வீட்டுச் சன்னலும் சாத்தப்பட்டன. இரண்டு வீட்டிலும் மின்விசிறி இல்லை. போதாததற்கு, எங்கே மறுபடி கேட்டுவிடுமோ என்று இரண்டு பேரும் கிசுகிசுவென்று பேசினார்கள். கரடி கிசுகிசுத்தால் தூரத்தில் லாரி போவதுபோல இருந்தது. கோழியின் கிசுகிசுப்பு சத்தீஸ்கரில் கேட்காமல் சின்னுசாமி, "மேடம், கம்ப்ரஸரை வேணா ஆப் பண்ணச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டான். வியர்வை கண்ணில் இறங்கி வெண்ணிலா கண்ணைக் கசக்க, கோழி விடாமல் கண்ணடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கோழியும் கரடியும் மட்டும் மிஞ்சி, ஒரு கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெண்ணிலா குதித்தாள். மஞ்சுளா அதற்காகவே காத்திருந்தார். கோழி விழுந்தது. முதல் ரவுண்டோடு சேர்த்து இரண்டாகிவிட்டது, கோப்பை கரடிக்கு.

வெண்ணிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, மஞ்சுளா ஏற்கெனவே கேட்டில் நின்றிருந்தார். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் குருமூர்த்தி.

"நீதானா கோழி" என்றார் மஞ்சுளா.

"ஆமாங்க்கா." அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. "நாங்க, நீங்க அண்ணனைத் தெனமும் திட்டறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தமுங்க்கா. பாவம்னுதான் அம்மா கச்சாயமெல்லாம் குடுத்தாங்க."

மஞ்சுளா மெல்லத் திரும்பி கணவரைப் பார்த்தார். "கச்சாயமா?"

குருமூர்த்தி தெருவோர வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மட்டும் என்ன நெனச்சேன்?" என்றார் மஞ்சுளா. "நான் காலேஜ் விட்டு வரப்பெல்லாம், 'செத்துத் தொலை, எந்திரிக்காதே'ன்னு உன் சத்தம் வரும். பெத்தவள இப்படிப் பேசுறாளேன்னு உங்கம்மாவுக்கு மாம்பழம் வாங்கிக் குடுத்தேன். வாராவாரம். நல்லா சாப்பிடறீங்களாம்மான்னு கேட்டா, ஏதோ போகுதுன்னு சொல்வாங்க."

வெண்ணிலா அம்மாவைத் தேடினாள். சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்றுதான் அவர் ஒவ்வொரு வாரமும் மாம்பழத்தை அறுத்து வைப்பார்.

"ஆசையாக் குடுக்கற புள்ளைகிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்றார் உண்ணாமலை, உள்ளேயிருந்தே.

மஞ்சுளா சிரிக்க ஆரம்பித்தார். திரையில் எத்தனை முறை உறுமினாலும் வராத பெரிய சிரிப்பு. சிரித்து முடித்து, வெண்ணிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் ஸ்டூடண்ட்ஸ் பாதிப் பேரு இதைப் பாக்கறானுங்க. கரடி யாருன்னு வெளிய தெரியக் கூடாது, என்ன?"

"எங்க ஆபீஸ்லயும் தெரியக் கூடாதுங்க்கா."

"அப்ப சரி. ஆனா அந்தக் கெணத்துகிட்ட நீ ஏன் குதிச்ச? குதிக்காம இருந்தா நான் செத்திருப்பேன்."

"நீங்க எடது பக்கம் இருக்கீங்கன்னு நெனச்சனுங்க."

"எடது பக்கமா? நிழல் விழுந்துதே, பாக்கலையா?"

இருவரும் வெண்ணிலாவின் போனில் அந்தக் கடைசி ரவுண்டை ஓடவிட்டுப் பார்த்தார்கள். வெயிலில் கண் கூசியதால் கேட்டை விட்டுச் சந்துக்குள் நகர்ந்தார்கள். கரண்ட் வந்து இரண்டு வீட்டிலும் மின்விசிறி சுற்றத் தொடங்கிய பிறகும், அந்த ஒடுக்கத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நிழல் விழுந்தது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.