ஒரு ராத்திரி முதலாளி

அந்தத் தெருவில் அவனுக்கு மூணேகால் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் நிம்மதியாகத் தூங்குகிறது. அதை எழுப்ப யாருக்கும் அவசியம் வந்ததில்லை. பங்குச் சந்தையில் காலையில் வாங்கி அன்றைக்கே விற்றுவிடுவது அவன் பிழைப்பு. முதலாளி கிடையாது, சக ஊழியர் கிடையாது, உள்ளறையில் மூன்று திரைகளும் ஒரு நாற்காலியும்தான். சந்தை மூன்றரைக்கு மூடும். மூணேகாலுக்கெல்லாம் அவன் கை துடைத்த மாதிரி காலியாகிவிடும். ஆறு வருடத்தில் ஒரு பங்கைக்கூட ராத்திரிக்கு வைத்துக்கொண்டு அவன் படுத்ததில்லை.

ஏன் என்று கேட்டால், "தூங்குறவன் எதைக் காப்பாத்த முடியும்? உலகம் கெட்டுப்போறதெல்லாம் ராத்திரியிலதான்" என்பான்.

தொழில் புத்தி வீட்டுக்குள்ளும் நடமாட ஆரம்பித்தது. பால் தினம் ஒரு பாக்கெட்; மாதக் கணக்கு கிடையாது. நாட்காட்டித் தாளை மூன்றரைக்கே கிழித்துவிடுவான். அதனால் பிற்பகல் முழுவதும் அந்த வீடு நாளைக்கே குடிபோயிருக்கும். அவன் மனைவி இரண்டு தடவை ஒரு நாள் முன்னதாகக் கல்யாணத்துக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். மூன்றாவது தடவை அங்கேயே தங்கி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் கொடுத்துக் கூலியும் வாங்கி வந்தாள் என்பார்கள். அதில் கூலி மட்டும் பொய்.

கல்யாணமான புதிதில் தினமும் காலையில், "இன்னைக்கும் சேர்ந்தே இருப்போமா?" என்று அவளைக் கேட்பான். ஆறு மாதம் வரைக்கும் அவள் அதைக் காதல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சண்டைக்கும் அதே சட்டம்தான். மூன்று மணிக்கு நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, "சரி, என் மேலதான் தப்பு, முடிச்சுக்கலாம்" என்பான். தப்பு உண்மையில் யார் மேல் என்பது அவனுக்குப் பொருட்டில்லை. சந்தையில் பத்துத் தடவை வாங்கினால் ஆறு தடவை அவன் கணிப்பு பொய்த்துப்போகும். முதல் நிமிடமே ஒத்துக்கொண்டு, கீறலோடு வெளியே வருகிறவன் பிழைப்பான். நான் சொன்னதுதான் நடக்கும் என்று சட்டமாக உட்கார்ந்திருப்பவன் வீட்டை விற்பான். தப்பை ஒத்துக்கொள்வதில் அவனைப்போல் வேகமான ஆள் அந்த ஊரில் இல்லை. சில நாள் தப்பு செய்வதற்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டுவிடுவான்.

மனைவிக்குத் தையல் தொழில். கூடத்தின் மூலையில் மிஷின், சமையலறையில் அளவெடுப்பு. அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே நின்று கையைத் தூக்க முடிகிறவர்கள்தான் ஒன்பது வருடமாக அவளுடைய வாடிக்கையாளர்கள். தெருமுனையில் பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கின் முன்னறையை வாடகைக்கு விடப்போவதாகக் கேள்விப்பட்ட அன்றே ஓடிப்போய்ப் பேசி வைத்துவிட்டாள். டாக்டர் ஒரே நிபந்தனைதான் போட்டார்: மூன்று வருட ஒப்பந்தம், கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள் வராவிட்டால் செல்போன் பழுதுபார்ப்பவருக்குக் கொடுத்துவிடுவார்.

காலைச் சாப்பாட்டின்போது அவள் இதைச் சொன்னதும் மூணேகால் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மூணு வருஷமா! மாசா மாசம்னு கேட்டுப் பாரேன்."

"கேட்டேன். கடை வைக்கப்போறியா, லாட்ஜ்ல தங்கப்போறியான்னு கேட்டார்."

"நஷ்டம் வந்தா எந்த இடத்துல வெளிய வர்றதுன்னு ஒரு கோடு வேணும்ல?"

"எங்க தொழில்ல கோடு சாக்பீஸ்ல போடுவோங்க. நீங்க பேனாவ எடுங்க."

"மூணு வருஷத்துல என்ன வேணாலும் நடக்கும், தெரியுமா?"

"ஆமா. கடை நல்லா ஓடக்கூட ஓடும்."

பேச்சு அதற்குமேல் வளர்ந்து, இட்லி ஆறி, அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கோபத்தோடு ஒரு கம்பெனியின் பங்கில் நானூறு வாங்கினான்.

மூன்று மணிக்கு வழக்கம்போல் வெளியே வந்தான். "சரி, என் மேலதான் தப்பு. முடிச்சுக்கலாம்."

"தப்ப நீங்களே வச்சுக்கோங்க. எனக்குக் கையெழுத்து வேணும்."

"அது தனி. சண்டைய முதல்ல முடி."

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். "முடியாது. இது நாளைக்கும் இருக்கும்."

சண்டை ஒன்று ராத்திரி தங்குவது அந்த வீட்டில் அதுவரை நடந்ததில்லை. நின்று கெஞ்சினான், உட்கார்ந்து கெஞ்சினான், நடுவில் ஒரு தடவை பட்டனுக்குக் காஜா எடுக்க உதவக்கூட முன்வந்தான். உள்ளே திரும்பும்போது மணி மூன்று முப்பத்தொன்று. நானூறு பங்கும் விற்காமல் அப்படியே இருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தான். அன்றைக்கே விற்பதற்கு என்று சொல்லி வாங்கியதை அவன் மறந்துவிட்டாலும், புரோக்கர் கம்பெனியின் கம்ப்யூட்டர் தானாக விற்றுவிடும். ஆனால் காலையில் கோபத்தில் திரையில் பக்கத்துக் கட்டத்தைத் தட்டியிருந்தான். அது, வாங்கி வீட்டோடு வைத்துக்கொள்கிறவர்களின் கட்டம்.

புரோக்கர் கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண் பேசினாள்.

"ஷேர் உங்களோடதுதான் சார். வாழ்த்துகள்."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சார்."

"ஒண்ணும் பண்ணாம எப்படிம்மா இருக்கிறது?"

"எல்லாரும் இருக்காங்களே சார்" என்றாள்.

திரையில் அந்தக் கம்பெனி ஐந்து எழுத்துச் சுருக்கமாக நின்றுகொண்டிருந்தது. எண்ணூறு தடவைக்கு மேல் வாங்கி விற்றிருப்பான். அது எந்த நேரத்தில் முரண்டு பிடிக்கும், எந்த விலையில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் அவர்கள் என்ன தயாரிக்கிறார்கள் என்று தெரியாது. தேடிப் பார்த்தான். பிளாஸ்டிக் வாளி.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பாத்திரக் கடைக்கு நடந்தான். வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அவன் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஓர் அம்மாள் அவனுடைய கம்பெனி வாளி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாள், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள், வைத்துவிட்டு வேறு கம்பெனி வாளியை எடுத்தாள். மூணேகால் குறுக்கே போய் நின்றான்.

"அம்மா, இதுதாங்க நல்ல வாளி."

"நீங்க அந்தக் கம்பெனி ஆளா?"

"இன்னைக்கு ராத்திரி மட்டும்."

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வீட்ல இதே வாளி இருக்குப்பா. என் மகன் பிறந்தப்ப வாங்குனது. அவனுக்கு மீசை முளைச்சிருச்சு, இது இன்னும் உடைஞ்ச பாடில்ல. வேற நிறத்துல ஒண்ணு வாங்கலாம்னு வந்தா, சனியன் உடைஞ்சாத்தானே!"

இது கம்பெனிக்கு நல்லதா கெட்டதா என்று அவனுக்கு விளங்கவில்லை. உடையாத வாளி செய்கிற கம்பெனியின் விலை ஏன் நிமிடத்துக்கு ஒரு தடவை உடைகிறது என்பதும் விளங்கவில்லை. ஆறு வருடமாக அந்த ஆட்டத்தில்தான் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த ஆட்டத்துக்குக் கீழே இப்படி ஒன்று அசையாமல் நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிச் சீருடை ஒன்றின் கீழ்விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். மடிப்பு நாலு விரல் அகலம் இருந்தது.

"எதுக்கு இவ்வளவு துணிய உள்ள மடிக்கிற? வேஸ்ட்தானே?"

"பிள்ளை வளரும்ல. அடுத்த வருஷம் பிரிச்சு இறக்கிக் குடுப்பேன்."

"வளரலன்னா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வளராத பிள்ளை எங்கங்க இருக்கு? போன வருஷம் மடிச்சு வச்சது முப்பத்தாறு. முப்பத்தாறும் திரும்பி வந்துச்சு."

முப்பத்தாறு பிள்ளைகளின் பெயரும் உயரமும் அவளுக்கு வாய்ப்பாடாகத் தெரிந்திருந்தது. அவன் அந்த மடிப்பை விரலால் ஒரு தடவை அளந்து பார்த்தான். பிறகு, "நானூறு ஷேர் கையிலேயே மாட்டிக்கிச்சு. வாளிக் கம்பெனி" என்றான்.

"ஐயோ பாவம்" என்றாள் அவள். யாரைச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு இருவரும் பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் உள்ளே ஒருவருடைய கடைவாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தது. மூணேகால் போனைப் பார்த்தான். வாளிக் கம்பெனி நேற்றைய விலைக்குக் கீழே திறந்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே. ஒரே ஒரு தட்டு, நானூறும் விற்றுப்போனது.

"வெளிய வந்துட்டேன்" என்றான் மூச்சைவிட்டு.

அவள் முகம் சுருங்கியது. மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் தொங்கிய பல் வரிசைப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். ராத்திரி வைத்ததில் அடி வாங்கிய மனிதனிடம் மூன்று வருடத்தைப் பற்றிப் பேச இதைவிட மோசமான காலைப்பொழுது கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவனும் அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாளியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றை ராத்திரி வைத்திருந்தது தப்பு, விற்றது சரி. அதில் இன்றைக்கும் அவனுக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் இந்தக் கடையைப் பற்றித் தெரிந்தவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வைத்துக்கொள்ளத் தெரியும். அவனுக்குத் தெரியாததெல்லாம் அவள் வைத்துக்கொள்ளும்போது பக்கத்தில் சும்மா இருப்பதுதான்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாயத் திறங்க. அட, பழக்கம். உட்காருங்க. சார் என்ன சொல்றார்?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் மேசையிலிருந்த ஒப்பந்தப் பத்திரத்தை இழுத்து, முடிகிற தேதி எழுதியிருந்த வரியில் விரலை வைத்தான்.

"இது என்ன கிழமை டாக்டர்?"

டாக்டர் போனைத் தட்டிப் பார்த்தார். "ஞாயிறு."

"ஞாயித்துக்கிழமை சந்தை லீவு. எதையும் முடிக்க முடியாது. திங்கட்கிழமைன்னு மாத்துங்க."

"ஒரு நாள் கூடப் போகுமே சார்?"

"போகட்டும்."

அவள் மெல்லத் திரும்பிப் புறங்கையை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

டாக்டர் தேதியைத் திருத்திக் கொடுத்தார். மூணேகால் பேனாவை வாங்கி அழுத்தியதில் கையெழுத்து நாலு தாளையும் தாண்டி மேசைப் பலகையில் இறங்கிவிட்டது. நம்பாதவர்கள் பல் வலி என்று சொல்லிக்கொண்டு போய்த் தடவிப் பார்க்கலாம். பேனா அடுத்து அவள் கைக்குப் போனது. அவள் ஒரே இழுப்பில் போட்டுவிட்டு எழுந்து, அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"டாக்டர், மிஷினுக்கு பிளக் பாயின்ட் எந்தச் சுவத்துல இருக்கு?"