அவசரம்னா பறந்துடுங்க

இருபத்திரண்டு வருஷமா டிக்கெட் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். ஒரு மேசை, ரெண்டு கம்ப்யூட்டர், எப்பவும் மக்கர் பண்ற ஒரு பிரிண்டர். வர்றவங்க எல்லாம் கேக்குறது ஒரே கேள்விதான்: "ரயில்ல போலாமா, பிளைட்ல போலாமா?" நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுவேன். "ரயில்னா எட்டு மணி நேரம், காலை நீட்டிக்கிட்டுப் போலாம். பிளைட்னா ஒரு மணி நேரம். அவசரம்னா யோசிக்காதீங்க, பறந்துடுங்க." ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணின வாய் இது.

வியாழக்கிழமை மத்தியானம் மாமா போன் பண்ணினார். மாமான்னா என் அக்கா வீட்டுக்காரர். அக்காவுக்குத் தொண்டையில கட்டி. குரல்வளையையே எடுக்கணுமாம். அடுத்த வாரம்னு இருந்ததை முன்னாடி இழுத்துட்டாங்க, நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் குரலே இருக்காது.

"உன்னை வரச் சொல்றா. பேச்சு இருக்கும்போதே உன்னை ஒரு தடவை ஆசை தீரத் திட்டணுமாம்" என்றார்.

சிரிச்சேன். அப்புறம் சிரிக்க முடியலை. திட்டு வாங்க வேண்டியவன்தான் நான். அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு எங்க சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் டிக்கெட் போட்டு அனுப்பினேன், நான் மட்டும் போகலை. தாய்மாமன்! சீசன் நேரம், கடையை மூட முடியாதுன்னு ஒரு சாக்கு. மூணு வருஷமா அக்கா திட்டுறதுக்குன்னே போன் பண்ணுவா. ரெண்டு வார்த்தை கேட்டதும் நான் வெச்சுடுவேன். அதனால போன்ல பேசவே மாட்டேன்னு அக்கா இப்ப ஒரே அடம். "அவன் வெச்சுடுவான். நேர்ல வந்து நிக்கச் சொல்லுங்க."

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. அவசரம்னா ரயில்லயும் ஒரு சீட், பிளைட்லயும் ஒரு சீட் போட்டு வெப்போம். ஒண்ணு உறுதியானதும் மத்ததைக் கேன்சல் பண்ணிடுவோம். எனக்கும் அப்படித்தான் போட்டேன். காலையில ஆறு மணி ரயில், ரெண்டு மணிக்கு அங்கே சேரும். பதினொண்ணு பத்து பிளைட், பன்னிரண்டரைக்கே சேரும். பிளைட் உறுதின்னு வந்த அடுத்த நொடி, மூளையைக் கேக்காமலே கை ரயிலைக் கேன்சல் பண்ணிடுச்சு. வேற யாராவதா இருந்தா "இருக்கட்டுமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

விடிகாலை அஞ்சு மணிக்கு மெசேஜ் வந்தது: விமானம் நாப்பது நிமிஷம் தாமதம். முதல் தாமதம் ஒருநாளும் கடைசித் தாமதமா இருந்ததில்லைன்னு எனக்குத் தெரியாதா? ரயிலைத் தேடினேன். என் சீட்டை வேற எவனோ வாங்கிட்டான். அடுத்த ரயில் சாயங்காலம்தான்.

ஏர்போர்ட்ல பெட்டியை வாங்கிக்கிட்டாங்க, பெல்ட்டைக் கழட்டித் தடவிப் பார்த்தாங்க, உள்ளே உக்கார வெச்சாங்க. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிளைட் நிக்குது. அரை மணி, இன்னொரு அரை மணின்னு போர்டுல நேரம் மட்டும் மாறுது. கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட கத்தினேன். சிரிச்சுக்கிட்டே "தொழில்நுட்பக் காரணம் சார்" என்றது. என்ன காரணமோ, எந்தத் தொழில்நுட்பமோ! ரயில் நின்னா எட்டிப் பார்க்கலாம், நாலு பேர் நாலு கதை சொல்லுவாங்க, கோபம் வந்தா இறங்கி நடக்கலாம். இங்கே தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டுக் குந்தியிருந்தேன். அழுகையா வந்தது.

மூணு மணிக்கு ஏத்தினாங்க. சீட்டுல உக்காரும்போதே கணக்குப் போட்டுட்டேன், நாலுக்குள்ள போய்ச் சேர வழியே இல்லை. அப்ப மாமாகிட்டயிருந்து போன். "அவளே பேசணும்கிறா."

"டேய்." கரகரன்னு இருந்தது குரல். "வெச்சுடமாட்டியே?"

"இல்லக்கா. சத்தியமா வெக்க மாட்டேன். திட்டு."

மூச்சு வாங்கிக்கிட்டா. "உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்? அன்னிக்குக் கல்யாணத்துல எல்லாரும் உன்னைக் கேட்டாங்க. நான் வாசலையே பார்த்துக்கிட்டு..."

"சார், போனை அணைச்சுடுங்க" என்று பணிப்பெண் வந்து நின்னுச்சு. கதவைச் சாத்தியாச்சு.

"ஒரே நிமிஷம்மா. எங்கக்கா..."

பின்சீட்டுக்காரர் எழுந்துட்டார். "நாலு மணி நேரம் காய்ஞ்சது போதாதாய்யா? இனிமே உனக்காக வேற நிக்கணுமா?" ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தாங்க. பணிப்பெண் நகரலை. யாருக்கு எதைச் சொல்லிப் புரிய வைக்கிறது?

"அக்கா, கிளம்புதுக்கா..."

"வெச்சுடாதடா, வெச்சுடாதடா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வெச்சுட்டேன்.

மறுநாள் காலையிலதான் அவளைப் பார்க்க விட்டாங்க. கழுத்துல கட்டு, அதுல ஒரு குழாய். நர்ஸ் நோட்டும் பேனாவும் கொடுத்தாங்க. அக்கா அதைத் தள்ளிவிட்டா. என்னைப் பார்த்து விரலை நீட்டினா. உதடு படபடன்னு அசைஞ்சுது. சத்தம் இல்லை. கண்ணுல தண்ணி வழிய வழியத் திட்டிக்கிட்டே இருந்தா. ஒரு வார்த்தை கூட எனக்குப் புரியலை. எல்லாத்துக்கும் தலையை ஆட்டினேன். "ஆமாக்கா. தப்புதான்க்கா." கடைசியில ஏதோ கேள்வி கேட்டுட்டு நிறுத்தினா. என் முகத்தையே பார்த்தா. பதிலுக்குக் காத்திருந்தா. என்ன கேட்டான்னு எனக்குத் தெரியலை.