நாற்றங்காலில் பதினோரு நிமிடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு படத்தின் அடியில் இருந்த ஒற்றை வரியிலிருந்து கிடைத்தது. சென்னையிலிருந்து வரும் ஓர் இசைப் பத்திரிகை. நான்கு பையன்கள் கணுக்காலளவு சேற்றில், ஷூவோடு, கிடாரோடு நிற்கிறார்கள். கீழே: 'தாங்கள் பயிரிடும் வயலில் முறைத்தண்ணி ராக் குழுவினர்.' எனக்கும் கை பரபரத்தது. உடனே தொடங்கினேன்:

'காவிரிச் சேற்றிலிருந்து ஒரு கிடார் முளைத்தது. அதன் தந்திகளில்...'

வேண்டாம். பாபநாசத்து ராஜாத்தி இதைப் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள்.

2

ராஜாத்தி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். முறைத்தண்ணி ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் அவள்தான். பாடகன் ஜெக்கரியாவின் வாப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். பாட்டுப் பயிற்சி எல்லாம் அந்தக் கடை மாடியில். ஜெக்கரியாவுக்கு நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது.

பத்திரிகைக்காரர்கள் பச்சையாக ஒரு வயல் கேட்டார்கள். ராஜாத்தி பெருமையோடு தன் அப்பா தங்கையனின் வயலுக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் பதினோரு நிமிடம் படம் எடுத்தார்கள், அதுவும் நாற்றங்காலில்* நின்று. மிதிபட்ட நாற்றைத் தங்கையன் நிமிர்த்தி வைத்தார். (இங்கே அவர் கண்ணில் நீர் வரவழைக்கப் பார்த்தேன். அவர் பீடி பற்றவைத்தார்.)

* நடவுக்கு முன் விதை தெளித்து நாற்று வளர்க்கும் இடம். அதற்குள் யாரும் ஷூவோடு இறங்கமாட்டார்கள். இந்தக் குறிப்பை மறந்துவிடாதீர்கள்.

3

பத்திரிகை வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் சண்டை.

"நம்மளச் சேத்துல நிறுத்தினாத்தான் அவங்களுக்குப் பாட்டு கேக்குமா? பேட்டரிக் கடைப் பையன் கிடார் வாசிச்சா ஆகாதா?" என்றாள் முத்துப்பேட்டை ரசிகை தங்கமணி.

"நொட்டை சொல்லாதீங்க. இந்தப் படத்தப் பாத்துத்தான் சென்னை விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. உழவர் ராக்குன்னு போஸ்டரே அடிச்சாச்சு" என்றார் சென்னையில் வேலை பார்க்கும் பஞ்சநதம்.

ராஜாத்தி எந்தப் பக்கமும் பேசவில்லை. படத்தை முதலில் பகிர்ந்ததே அவள்தான். இப்போது அவளுக்குத் தன் மேல்தான் கோபம்.

4

ஏனென்றால் அந்த வயல் ஒரு மடத்துக்குச் சொந்தம். தங்கையன் குத்தகைக்காரர். குத்தகை நிலத்தை வேறு ஆளுக்கு உள்குத்தகைக்கு விட்டால் வயல் கையை விட்டுப் போய்விடும். உழுபவனுக்கே நிலம் என்று மாறி மாறி ஆண்ட கட்சிகள் எங்கள் சுவரெல்லாம் எழுதியிருக்கின்றன. மடத்து ஏஜெண்ட் சுவர் படிப்பதில்லை, பத்திரிகை படிப்பார். தங்கையன் பயிர் செய்யாமல் நான்கு பாட்டுக்காரப் பையன்களுக்கு நிலத்தை விட்டுவிட்டார் என்று அந்தப் படத்தை வைத்தே வழக்குப் போட்டார். திங்கட்கிழமை விசாரணை.

ராஜாத்தி பத்திரிகைக்குப் போன் செய்து அந்த வரியைத் திருத்தச் சொன்னாள். "படம் அழகா வந்திருக்கே மேடம்" என்றார்கள்.

5

ஜெக்கரியாவைக் கெட்டவனாக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் மாடியேறி வந்த ராஜாத்திக்கு அவன் நாற்காலி இழுத்துப் போட்டான். தாங்கள் அங்கே பயிர் செய்யவில்லை என்று அவள் எழுதி வந்ததைப் படித்தான்.

"கையெழுத்துப் போட்டுத் தரேன்க்கா. அடுத்த சனிக்கிழமை விழா முடியட்டும். இப்ப தெரிஞ்சா எங்க போஸ்டரே பொய்யாயிடும்."

"வயலு திங்கக்கிழமையே போயிடும், தம்பி."

"ஒரு வாரந்தானேக்கா."

"முறைத்தண்ணின்னு பேரு வச்சிருக்கியே, அது என்னன்னு தெரியுமா? வாய்க்கால்ல தண்ணி கம்மியானா வயலுக்கு ஒரு நேரம்னு பிரிச்சு விடுவாங்க. எங்க நேரத்துல மடை தெறக்கலன்னா அந்தத் தண்ணி அடுத்த வயலுக்குப் போயிடும். அப்புறமா தரேன்ங்கிற பேச்சே கிடையாது. மேடையில நீ பாடுறது இதத்தானப்பா?"

அவன் பேனாவை எடுத்தான்.

6

முடிவு ஒன்று: கையெழுத்துப் போட்டான். விழாக்காரர்கள் அவன் நேர்மையை... (நிறுத்திவிட்டேன். இதற்குப் பத்திரிகையே போதும்.)

முடிவு இரண்டு: பேனாவைக் கீழே வைத்தான். தங்கையன் வரப்பில் தனியாக... (மாட்டேன். தோற்றுப்போன குடியானவன் படத்தில் இன்னும் அழகாக இருப்பான். அந்தப் படத்தை நான் தரமாட்டேன்.)

ராஜாத்தி என் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. கடைக்குத் திரும்பி, அந்தப் படத்தின் கீழே தானே எழுதினாள்:

'இது தங்கையன் பயிர் செய்யும் வயல். பையன்களைக் கூட்டிப்போனது அவர் மகளாகிய நான். பயிர் செய்பவன் எவனும் ஷூவோடு நாற்றங்காலில் நிற்கமாட்டான். இந்தப் படமே அதற்குச் சாட்சி. இதைப் பார்த்து ஆகா என்றவர்கள் எல்லோரும் கீழே கையெழுத்துப் போடுங்கள்.'

ரசிகர் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் நகல் எடுத்தாள். ஒன்று என்னிடம் வந்தது. கிடாரை முளைக்கவைத்தவன் நான், அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதல் பகுதியில் அந்தப் படத்தை நீங்களும்தான் பார்த்தீர்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை.

உங்கள் பெயர்: ..............................