சாக்கைக் கண்டால் பாயும் நாய்

நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் பீலிக் குழாயில் தண்ணீர் வற்றினாலும் வற்றும், பீலியடி வம்பு வற்றாது. தொண்ணூற்றேழாம் வருஷம் குடத்தோடு வரிசையில் நின்றவர்களின் வாயில் விழுந்தது பூரணியின் நாய்.

நானுஓயா ரயில் நிலையத்துக்குப் பின்னால், வாய் கட்டிய சாக்குக்குள் முனகிக் கிடந்த பெட்டை நாயை அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தாள் அவள். பெயரும் ஆயிற்று: ராணி. இருப்பது லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பரா, அதில் ராணி வேறு!

"நம்ம லயத்துல குட்டிக்குப் பஞ்சமாடி? ஊரான் வீசுனதப் பொறுக்கிட்டு வந்திருக்கா!" என்றாள் பக்கத்துக் காம்பரா லெட்சுமி.

ராணிக்கு மனிதர்மேல் கோபமில்லை. சாக்குமேல்தான். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் சாக்கைத் தொடாத மனிதர் யார்? கொழுந்துச் சாக்குகளை லொறியில் ஏற்றும் செல்லசாமி, வெறுஞ்சாக்கைத் தோளில் போட்டு வந்தபோது ராணி பாய்ந்தது. சாக்கோடு காற்சட்டையும் கிழிந்தது. கிழிசலைவிட, பெண்கள் சிரித்ததுதான் அவனைச் சுட்டது.

"கோயில் கொடி ஏறுறதுக்குள்ள இது போகணும். இல்ல, பாண் ரொட்டியில வெசம் வச்சுப் போடுவேன்!" என்று கத்தினான்.

பூரணியின் புருஷன் சோலைமலைக்கு நாய்மேல் பாசமில்லை. பெண்டாட்டி முகம் தொங்குமே என்ற பயம்தான். வைத்தியத்தில் இறங்கினான். "சாக்குக்குத்தான பயப்படுது? சாக்கப் போட்டு அமுக்குனா தெளிஞ்சிரும்." தண்ணீருக்குப் பயந்தவனை ஆற்றில் தள்ளுகிற வைத்தியம். சாக்கைத் தலையில் போர்த்தி, முதுகில் நான்கு சாத்தினான். வைத்தியர் கையிலேயே பல் பதிந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவனிடம் பூரணி கேட்டாள்:

"ஒங்கள ஒருத்தன் சாக்குல கட்டி வீசியிருந்தா, மறுபடி சாக்கப் போத்துறவனக் கொஞ்சுவீங்களா?"

கட்டுப் போட்ட கையால் சாக்கைச் சுருட்டி மூலையில் வைத்தான்.

மறுநாள் தொட்டு அவள் முறை. நாயைக் கட்டிவைத்துவிட்டு, சாக்கை முற்றத்தின் கடைசியில் போட்டாள். உறுமாமல் பார்த்தால் ஒரு துண்டுக் கருவாடு. உறுமினால் சாக்கு இன்னும் தள்ளிப் போகும். அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. சாக்கு மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. பிறகு அதைத் தோளில் போட்டு நடக்கச் சொன்னாள் புருஷனை. கடிபட்ட மனுஷன் காலை எண்ணி எண்ணி வைத்ததைப் பார்க்க லயமே கூடியது.

"நாய்க்கு டியூசன் நடக்குது! ஓ லெவல் பரீட்ச எப்ப?" என்று கத்தினாள் லெட்சுமி.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் செல்லசாமி சாக்கும் கயிறுமாக வந்து நின்றான். நாயைக் கட்டி, பொல்பிட்டிய பக்கம் போகிற லொறியில் ஏற்றிவிடத் திட்டம். கடி எங்கே விழும் என்று பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. சாக்கைக் கண்டதும் ராணி நடுங்கியது. தொண்டைக்குள் உறுமல் புரண்டது.

"உக்காரு, ராணி."

உட்கார்ந்தது. பூரணியின் காலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம்.

"நடிக்குது! பிடிங்கடா!" செல்லசாமி சாக்கின் வாயை விரித்தான்.

சோலைமலை குறுக்கே வந்தான். "சாக்க மடிங்கண்ணே. கடிபட்டவன் நான், நான் சொல்றேன். பொட்டக்குட்டி பொறந்தா சாக்குல கட்டி ஒங்க லொறியில ஏத்தாத வீடு இங்க எது? வீசுறதும் நாம, பயந்து கடிச்சா வெசம் வைக்கிறதும் நாமளா?"

லெட்சுமி சத்தமில்லாமல் வீட்டுக்குள் போனாள். அவள் அடுப்படியில் கண் திறக்காத பெட்டைக் குட்டிகள் மூன்று கிடந்தன.

"நாயப் பழக்குறேன்னு ஒன்னப் பழக்கிட்டாடா ஒம் பொண்டாட்டி!" என்று காறித் துப்பிவிட்டுச் சாக்கைச் சுருட்டினான் செல்லசாமி.

"ஆமாண்ணே, பழகிட்டேன். பயந்த உசுரு அடிக்கு அடங்காது, பொறுமைக்குத்தான் அடங்கும். வீசுன உசுர வீட்டுக்குக் கொண்டாந்தா, அது பழகுறதுக்கு முந்தி நாம பழகணும்."