கட்டியைத் தொட்டுப் பார்த்த நாத்தனார்

தையற்காரிக்கு மார்பில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. அதைத் தொட்டுப் பார்த்த நாத்தனார் முதல் நாள் கொழுப்பு என்றாள், மறுநாள் நீர் என்றாள், மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில்தான் தையற்காரி அரண்டுபோய் மருத்துவமனைக்கு வந்தாள். நாத்தனாரும் கூடவே வந்தாள்.

“பயாப்ஸி எடுத்துடலாம்மா,” என்றார் டாக்டர்.

நாத்தனார் குறுக்கிட்டாள். “ஊசி குத்தினா கட்டி பரவிடுமாமே?”

“அதெல்லாம் பரவாது. மரத்துப்போக மருந்து போட்டுட்டு, நூல் மாதிரி துளி சதை எடுப்போம். அதை மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் என்ன கட்டின்னு தெரியும்.”

“எனக்குத் தொட்டாலே தெரியுமே.”

“நானும் தொட்டுத்தான் பார்த்தேன். எனக்குத் தெரியலையே.”

அந்த நிலைமையிலும் தையற்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். சதை எடுக்கும் கருவி ஸ்டேப்ளர் போல மூன்று முறை ‘டக்’கென்றது. மார்பைவிட, நாத்தனார் இறுக்கிப் பிடித்திருந்த கைதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. அது வெறும் நார்க்கட்டி, புற்றுநோய் இல்லை. தையற்காரி நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக அழுது தீர்த்தாள்.

நாத்தனார் மெல்ல எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“டாக்டர், எனக்கும் முதுகுல ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா.”

“ரெண்டு வருஷமாவா? நீங்க தொட்டுப் பார்க்கலையா?”

“கை எட்டலை,” என்றாள் நாத்தனார்.